வண்டு விழுந்த காணிக்கை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய நிமிஷத்திலிருந்து ஆளாளுக்கு என்னைச் சந்தேகப்பட்டார்கள். ஆட்டோக்காரர் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்துகினு இவ்ளோதானா வெயிட்டு?" என்றார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த கோழிப்பண்ணைக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். எங்கள் ஊர்ப் பெரிய தெருவில் நிலபுலம் உள்ளவர், என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

"இன்னா டீச்சரம்மா, அங்க எத்தினி பேர மதம் மாத்தின?"

"வாய்ப்பாடு தெரியாதவங்கள தெரிஞ்சவங்களா மாத்தினேன். வேணும்னா வந்து ஒப்பிக்கச் சொல்லிக் கேளுங்க" என்றேன்.

சிரித்தார். ஆனால் நம்பவில்லை. அவர் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டாலும் 'நீ' என்பார். நான் அவரை 'நீங்க' என்பேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தும் அது மட்டும் மாறவில்லை.

அவர்கள் சந்தேகப்பட்டதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நானும் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் வந்து இறங்கினேன். டீச்சர் வேலையில் பாதி சந்தேகம்தான். வீட்டுப்பாடத்தை யார் எழுதியது, வயிற்றுவலி நிஜமா, கடைசி பெஞ்சில் வாய் ஏன் அசைகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், விமானம் ஏறினால் மாறிவிடுமா? என் கணவர் உயிரோடு இருந்தபோது சொல்வார்: "உன்னைப் பரலோகத்துக்குக் கூப்பிட்டாலும், வாசல்ல சாவியோட நிக்கிற பேதுருகிட்ட, இது அசல் சாவிதானான்னு கேட்டுட்டுத்தான் உள்ள போவ."

இந்த முறை சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. தான்சானியாவில், தார் ரோடு முடிந்து செம்மண் பாதை போகிற ஒரு ஊரில், மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம். விடுப்புக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கும்போதே, என்னை அனுப்பி வைத்த மிஷன் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சிஸ்டர், உங்க சொந்தச் சபையிலயே காணிக்கை குறைஞ்சிகிட்டு வருது. அதப் பார்த்து பக்கத்துச் சபைங்களும் கையைச் சுருக்குறாங்க. நீங்க ஒருமுறை நேர்ல வந்து பேசுங்க. இல்லேன்னா உங்கள அங்க வெச்சிருக்கறது கஷ்டம்."

சொந்தச் சபை என்றால் என் அப்பா செங்கல் சுமந்து கட்டிய சபை. அங்கேயா குறைகிறது? யார் கை வைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்ததில், விமானத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை.

காணிக்கை என்றதும் செக்கையும் கவரையும் நினைக்க வேண்டாம். எங்கள் காலனியில் இருப்பவர்கள் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் ஒரு மிஷனரியைத் தாங்குவது பிடியரிசியால். உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூடி போட்ட ஒரு தூக்குவாளியில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கொட்டி சர்ச்சுக்கு எடுத்து வந்து, முன்னால் வைத்திருக்கும் கூடையில் சேர்ப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் வருவது மிஷனுக்குப் போகும். வீட்டில் சோறு குறைந்தாலும் அந்தப் பிடி குறையாது. நாங்கள் கஞ்சி குடித்த காலத்திலும் அம்மா அந்தப் பிடியை எடுத்து வைத்த பிறகுதான் எங்கள் பக்கமே திரும்புவாள்.

இதை வைத்து நான் ஒன்று சொல்வதுண்டு. "நீங்க போடற ஒவ்வொரு பிடி அரிசியும்தான் என்னை அங்க வெச்சிருக்குது." எந்தச் சபையில் சொன்னாலும் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். ஊருக்கு வர முடியாத ஒரு வருஷம் அதையே வீடியோவில் பேசி அனுப்பினேன். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரை கட்டிப் போட்டுக் காட்டினார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஞாயிறுப் பள்ளியில் என் மகளும் ஒருத்தி. இப்போது ஆறாவது படிக்கிறாள். தான்சானியாவில்தான் பிறந்தாள், நடை பழகியதும் அங்கேதான். மலேரியா அவளை விடாமல் துரத்தியது. அவள் அப்பாவைக் கொண்டுபோனதும் அதே காய்ச்சல். அவரை அடக்கம் செய்த பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் குழந்தையை இங்கே வைத்திருக்க வேண்டாம்" என்றார். சக்கரம் வைத்த ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியில் அவள் துணிகளை அடுக்கி, ஊருக்குக் கூட்டி வந்து, என் தங்கையிடம் விட்டேன். பெட்டியை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். விளையாட்டாக இருந்திருக்கும்.

பிறகு நான் திரும்பிப் போனேன். ஏன் போனாய் என்று கேட்பவர்களிடம் அழைப்பு என்று சொல்லிவிடுவேன். அது பொய்யில்லை. அங்கே என் வகுப்பில், மார்பு முளைத்ததும் மாடுகளுக்கு மாற்றாகக் கட்டிக்கொடுக்கக் காத்திருக்கும் பெண்கள் உண்டு. பரீட்சையில் பாஸாகிக்கொண்டே இருக்கும்வரை அப்பன்மார் கொஞ்சம் தயங்குவார்கள். கணக்கில்தான் எல்லோரும் விழுவார்கள், கணக்கு டீச்சர் நான். காலையில் நான் கேட்டைத் திறக்கும்போது, வெறுங்காலோடு வரிசையில் நின்று "மாமா" என்று கூப்பிடுவார்கள். அந்த ஊர்ப் பேச்சில் அது அம்மா. அத்தனை பேர் அப்படிக் கூப்பிடும்போது நெஞ்சு நிறையும். நிறையக்கூடாது என்றும் தோன்றும்.

மகளோடு வீடியோவில் பேசுவேன். சிக்னல் நிற்காது. பாடம், காய்ச்சல், ஜெபம் என்று நான் கேட்டுக்கொண்டே போவேன். அவள் மறக்காமல் கேட்பது ஒன்றுதான். "அம்மா, அங்க அரிசி வந்துகினு கீதா?" வருது கண்ணு என்பேன். இந்த வயதில் ஊழியத்தின் மேல் இவ்வளவு அக்கறையா என்று அங்கிருந்த சக டீச்சர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே விஷயம் கண்ணில் பட்டது. பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க் கூடையில் கொட்டினார்கள். என் தங்கை கொட்டியபோது சத்தமே வரவில்லை. பையின் மூலையில் கொஞ்சம்தான் இருந்தது. கொட்டிவிட்டு, பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இளைச்சிட்டீங்க சிஸ்டர். ஜெபத்துல வெச்சிக்கிறோம்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "உங்க வூட்லேர்ந்தே பிடியரிசி கொறைஞ்சி போச்சின்னு மத்த பொம்பளைங்க பேசிக்கினு கீறாங்க. மிஷனரி வூடே போடலேன்னா நமக்கு மட்டும் இன்னான்றாங்க. நான் எதுவும் சொல்லல, பாரத்தோட ஜெபிக்கிறேன்." எங்கள் சபையில் புறம் பேசினால் பாவம். அதையே ஜெபக்குறிப்பாகச் சொன்னால் பாவமில்லை.

ஆக, ஓட்டை எங்கள் வீட்டிலேயே. அன்றிலிருந்து தங்கையைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

தங்கை செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறாள். விடியும் முன்னே ஏரிக்கரை முனையில் வேன் வந்து நிற்கும், இருட்டும்போது கொண்டுவந்து விடும். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. அவர்களுக்குக் குழந்தை இல்லை. காலையில் தங்கை பொங்குவாள். சாயந்திரம் பள்ளிவிட்டு வந்து என் மகள் கேஸை மூட்டி உலை வைப்பாள்.

வீட்டில் புது கிரைண்டர் இருந்தது. தங்கை காதில் புதுக் கம்மல். நான் அடுப்படிக்குப் போனால், "நீ குந்து அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அம்மா காலத்துப் பிடியரிசித் தூக்கு அரிசி டப்பா பக்கத்திலேயே இருந்தது. ஆளில்லாத நேரம் மூடியைத் திறந்து பார்த்தேன். அடி தெரிந்தது.

அதைவிட மோசமான சந்தேகம் ஒன்று வந்தது. என் மகள் தூங்கும்போது தங்கை முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். தலை பின்ன நான் கூப்பிட்டால், "சின்னம்மா பின்னும்" என்றாள். நான் பக்கத்தில் போனால் எதையோ மறைப்பவளாக எழுந்து போனாள். பிள்ளையில்லாத என் தங்கை என் பிள்ளையை வளைத்துப்போட்டுவிட்டாள், நான் அங்கேயே கிடந்து ஒழியட்டும் என்று இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படியானால் பிடியரிசியை ஏன் குறைக்கிறாள்? குறைத்தால் நான் அல்லவா வந்துவிடுவேன்? கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு இடித்தது. ஆனால் கோபம் வந்துவிட்டால் எனக்கு விடை முக்கியமில்லை, ஆள்தான் முக்கியம்.

ஒரு சாயந்திரம் வேனிலிருந்து இறங்கி, கை முழுக்கப் பசை வாடையோடு வந்தவளைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் கேட்டேன். "சாமிக்கு வெச்ச அரிசியில கை வெக்கிறியாடி?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டே, "இன்னா அக்கா சொல்ற?" என்றாள்.

"பிடியரிசித் தூக்க தொறந்து பாத்தேன். காலியா கீது. அம்மா வெச்ச பழக்கம் அது. அவ கஞ்சி குடிச்சிகினு போட்டா. நீ கிரைண்டர் வாங்குற, கம்மல் வாங்குற. ஒரு பிடி அரிசிக்கு உனக்கு வக்கில்லையா?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளே என் மகள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். தங்கை மெதுவாகச் சொன்னாள். "ஆமா, நான்தான் எடுத்துக்கினேன். போதுமா? பாஸ்டரம்மாகிட்ட சொல்லணும்னா போய் சொல்லிக்கோ. வந்த எடத்துல பேஜார் பண்ணாத."

பழியை மறுக்காமல் ஏற்றுக்கொள்பவர்களை நம்பவே கூடாது. வகுப்பில் நான் கற்றது அது. உடனே எழுந்து "நான்தான் டீச்சர்" என்று சொல்கிற பிள்ளை, பக்கத்தில் உள்ள யாரையோ காப்பாற்றுகிறது. இவள் யாரைக் காப்பாற்றுகிறாள்?

மறுநாள் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பாயில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புச் சுவரில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. அரிசி வண்டு. அதற்கு மேலே இன்னொன்று, இன்னும் மேலே ஒன்று. அரிசி டப்பா அடுப்படியில் கீழே இருக்க, வண்டுகள் மேலேயிருந்து இறங்கி வந்தன. கண்ணாலேயே அவற்றைப் பின்தொடர்ந்தேன். அந்த வரிசை பரணில் போய் முடிந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பழைய பாய், உடைந்த மின்விசிறி, அதற்குப் பின்னால் ஒரு பெட்டி. சிவப்புப் பெட்டி. என் மகள் இழுத்துக்கொண்டு வந்த பெட்டி. இறக்கும்போதே கனம் கையை இழுத்தது, உள்ளே என்னவோ சரசரவென்று சரிந்தது. ஜிப்பைத் திறந்தேன். முழுக்க அரிசி. கடையில் வாங்கிய பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி எல்லாம் கலந்து, அடியில் கட்டி தட்டி, மேலெல்லாம் வண்டு.

பெட்டியைத் திறந்தபடி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். புத்தகப் பையைக் கழற்றவில்லை.

"இத்த யாரு வெச்சது?" என்றேன்.

புத்தகப் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கறேன் இல்ல? காணிக்கை அரிசிடி இது. ஏன் எடுத்த?"

"வூட்ல யாரும் துன்னல. கொட்டவும் இல்ல" என்றாள். "அரிசிய கொட்டினா பாவம்னு சின்னம்மா சொல்லிச்சி. அதான் வெச்சிக்கினேன்."

"ஏன் எடுத்தன்னு கேட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்க்காமல், என் கையைப் பார்த்துச் சொன்னாள். "நீதானே வீடியோல சொன்ன. ஒவ்வொரு பிடி அரிசிதான் உன்ன அங்க வெச்சிருக்குதுன்னு. அரிசி வரலேன்னா வெச்சிக்க மாட்டாங்க இல்ல? அனுப்பிடுவாங்க இல்ல?" இப்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "வந்துட்டதானே."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைக்க மாட்டேன். என் வாக்கியத்தை எடுத்து, வரி பிசகாமல் எனக்கே திருப்பித் தந்துவிட்டாளே என்ற கோபம். வகுப்பில் இப்படி ஒரு பெண் பதில் சொல்லியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பேன். கோபத்துக்குப் பின்னால் வந்ததற்குப் பெயர் தெரியவில்லை. அவளைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். நானும் எழவில்லை.

நான் செய்தது என்ன தெரியுமா? மிஷனரி செய்வதைச் செய்தேன். "சாமிக்குப் பிரிச்சி வெச்சது நம்ம வூட்ல இருக்கக்கூடாது. அறுப்புப் பண்டிகை ஞாயிறு வருது இல்ல? நீயே கொண்டுபோய்க் கூடையில போடணும்" என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். பையைக் கழற்றி மாட்டிவிட்டு உலை வைக்கப் போனாள்.

அன்று வேனிலிருந்து இறங்கிய தங்கை, கூடத்தில் பெட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "எனக்குத் தெரியும் அக்கா. போன வருஷமே பாத்துட்டேன்" என்றாள். "அது தூங்கறப்ப என் முந்தானைய புடிச்சிக்கினு, அம்மா அம்மான்னுதான் சொல்லுது. நான் இன்னா பண்ணட்டும்? வந்த வொடனே உன்கிட்ட திட்டு வாங்கணுமா அது? அதான் நான் எடுத்துக்கினேன்னு சொன்னேன்."

"கம்மல்?" என்றேன். எனக்கு நாக்கு அடங்காது.

"கம்பெனியில போனஸ் குட்த்தாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் பெட்டியை சர்ச்சுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

அறுப்புப் பண்டிகை அன்று சர்ச் முழுக்கக் கரும்பும் பூசணியும் வாழைத்தாருமாக இருந்தது. காலைக் கட்டிய சேவல்கள் பாட்டுக்கு நடுவே கூவின. நான்தான் பேச வேண்டும். அங்குள்ள பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், பெண்பிள்ளைகளைச் சொன்னேன், என் கணவரின் கல்லறை மேல் பிள்ளைகள் நட்ட செடியைச் சொன்னேன். பெண்கள் முந்தானையைத் தேட ஆரம்பித்தார்கள். அடுத்து அந்த வாக்கியம். முன்வரிசைப் பாயில் என் மகள் பெட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அதை மறுபடி சொல்வாளா, மாட்டாளா என்று பார்க்கிறாள்.

நான் சொல்லிவிட்டேன். எத்தனையோ சபைகளில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "நீங்க போடற ஒவ்வொரு பிடி அரிசியும்தான் என்னை அங்க வெச்சிருக்குது."

பெண்கள் எழுந்து வரிசையாக வந்தார்கள். கடைசியில் என் மகள் எழுந்தாள். பெட்டியின் கைப்பிடியை வெளியே இழுத்தாள். சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் கடகடவென்று உருண்டன. முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, ஜிப்பைத் திறந்து, அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. வீட்டுப்பாடத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போகிற பிள்ளையின் முகம்.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று பாஸ்டரம்மா மைக்கிலேயே சொன்னார். "அம்மா ஊழியத்துக்காக ஒரு பெட்டியே சேத்து வெச்சிருக்குது பாருங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தப் பெட்டியோடு மகள் என்னைத் திரும்ப அங்கே அனுப்பி வைத்துவிட்டாள் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கும் தங்கைக்கும் மட்டுமே தெரிந்தது. நான் ஜெயித்திருந்தேன்.

வாசலில் வேப்பமரத்தடியில் ஏலம் ஆரம்பித்தது. பிடியரிசியை வருஷா வருஷம் எடுப்பவர் கோழிப்பண்ணைக்காரர்தான். கலப்பு அரிசியை வேறு யார் வாங்குவார்கள்? அவருக்குத் தீவனம் லாபம். கூடை அரிசி அவருக்கே போனது. அடுத்து சபை மூப்பர் சிவப்புப் பெட்டியைத் தூக்கி வைத்தார். வண்டுகளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கோழிப்பண்ணைக்காரர் பேருக்கு ஒரு விலை கேட்டார்.

"ஒருதரம்" என்றார் மூப்பர்.

"நான் கேக்கறேன்" என்றேன். அதற்கு மேலே ஒரு விலை சொன்னேன்.

சிரிப்பு நின்றது. மிஷனரியே ஏலம் எடுக்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை. கோழிப்பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். விலையை ஏற்றினார். நானும் ஏற்றினேன். பின்னால் யாரோ, "ஃபாரின் பொட்டி. அடியில எதுனா கீதா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "தங்கமா இருக்கும்" என்றது இன்னொரு குரல். பூசணிக்காய் வாங்க வந்தவர்கூட ஒரு விலை கேட்டார். வண்டு விழுந்த அரிசிக்கு அன்று வந்த மவுசு நல்ல பொன்னிக்கு என்றும் வந்ததில்லை. மூப்பருக்கே சந்தேகம் வந்து, பெட்டிக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். வண்டுகள் முழங்கை வரை ஏறின.

மற்றவர்கள் ஒதுங்கியும் கோழிப்பண்ணைக்காரர் விடவில்லை. "அதுல இன்னா கீது சொல்லு டீச்சரம்மா. நான் வுட்டுர்றேன்."

"என் பொண்ணு கீறா" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் எதிரே போய் நின்று, "நீ கோழிக்குப் போடுவ. எனக்கு வேணும் அது. விட்டுடு" என்றேன். அவரை நான் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவர் முகம் மாறியது. "இன்னாவோ கீது. எடுத்துக்கினு போ" என்று பின்னால் நகர்ந்தார். கைப்பையில் இருந்ததையெல்லாம் மூப்பரிடம் கொடுத்தேன்.

அப்படியே சர்ச்சுக்குள் போய், பாஸ்டரிடமும் பாஸ்டரம்மாவிடமும் நான் திரும்பிப் போகவில்லை என்று சொன்னேன். பாஸ்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அங்க எதுனா பிரச்சனையா சிஸ்டர்? எங்ககிட்ட சொல்லலாம், ஜெபக்குறிப்பா வெச்சிக்கிறோம்" என்றார். இதோ அடுத்த சந்தேகம் கிளம்பிவிட்டது. கிளம்பட்டும். கேட்டைத் திறந்துகொண்டு நிற்க நான் இல்லாத அந்தக் காலை வரிசையை இப்போதும் ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்க்கிறேன். அவர்களில் எவளை எந்த மாட்டுக்கு மாற்றிவிடுவார்களோ. அவர்களுக்கு வேறு டீச்சர் வரலாம். வராமலும் போகலாம். இரண்டு பக்கமும் சமமாக வரும்படி இந்தக் கணக்கைப் போட என்னால் முடியவில்லை. ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

மகளே பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் பாயை விரித்து அரிசியைக் கொட்டினோம். வெயில் ஏற ஏற வண்டுகள் பாயை விட்டு ஓடின. தங்கை முறத்தில் புடைத்தாள், நான் கட்டிகளை உடைத்தேன்.

"அப்ப நீ போமாட்டியா?" என்று மகள் கேட்டாள்.

"போமாட்டேன்."

"சாமிகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொல்லிச்சி?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றேன். அவளிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

உலை நான் வைத்தேன். தண்ணீர் கொதித்தது. முறத்தை மடியில் சாய்த்து, களைவதற்காக அரிசியை அள்ளிச் சட்டியில் போட்டேன். போட்ட கை தானாகச் சட்டிக்குள் போய் ஒரு பிடி எடுத்து, அம்மாவின் தூக்குப் பக்கம் நீண்டது. நினைத்துச் செய்ததில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். அடுப்படி வாசலில் நிழல் விழுந்தது. மகள் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கின் மூடி திறந்திருந்தது. என் கை அப்படியே நின்றது.

பிடியைத் திரும்பச் சட்டியில் போட்டேன். களைந்து, எல்லாவற்றையும் உலையில் சரித்தேன். விரலிடுக்கில் ஒட்டியிருந்ததையும் உதறினேன்.

அவள் கிட்டே வந்து, உலைக்குள் எட்டிப் பார்த்தாள். தூக்கையும் எடுத்து உள்ளே பார்த்தாள். மூடியைப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நாளிக்கும் பாக்கறேன்" என்றாள்.